புல்வெட்டி பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தள்ளிக்கொண்டே நடக்கும் பெட்ரோல் புல்வெட்டியைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் வண்டிகள். பதிலுக்குப் போவதற்கு முன் ஒரு வார்த்தை. பிளேடு பக்கம் கை போகும் எந்த வேலைக்கும் முதலில் ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலான மாடல்களில் பிளேடு நேராக இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டிலேயே மாட்டியிருக்கும். கையால் பிளேடைத் திருப்பினால் உள்ளே பிஸ்டனும் நகரும், இன்ஜின் ஒரு அடி அடித்துவிடலாம். விரல் போக அந்த ஒரு அடி போதும்.

கேள்வி: போன பருவம் முழுக்க நன்றாக ஓடிய வண்டி. சில மாதம் மூடி வைத்திருந்தேன். இப்போது கயிறு இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது, ஸ்டார்ட் ஆகவே இல்லை. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம், அதற்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. டேங்கில் பெட்ரோல் இருந்தபடியேதானே மூடி வைத்தீர்கள்? அங்கிருந்து தொடங்குவோம். பெட்ரோல் ஒரு மாதம் கிடந்தாலே அதன் லேசான பகுதி ஆவியாகத் தொடங்கிவிடும், மிச்சம் மெல்ல மெல்லப் பிசினாகும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கி, கார்புரேட்டரின் கிண்ணத்துக்குத்தான் முதலில் போகும். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வழக்கமான பெட்ரோல் வாடை இல்லாமல் வார்னிஷ் நெடி அடித்தால் மொத்தத்தையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். அதிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும் வண்டிகள் நிறைய.

ஆகவில்லையா? நாலைந்து முறை கயிறு இழுத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைத்தான் சந்தேகிக்க வேண்டும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. இதை உறுதி செய்ய, பிளக் துளையில் புதுப் பெட்ரோல் சில சொட்டு மட்டும் விட்டு, பிளக்கை முறுக்கி, ஒயரையும் மாட்டிக் கயிறு இழுங்கள். ஓரிரு நொடி ஓடி நின்றால் இன்ஜினில் கோளாறு இல்லை, கார்புரேட்டரில் அடைப்பு.

அப்போதும் புதுசு வாங்க வேண்டியதில்லை. பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஒற்றை போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். பல மாடல்களில் அந்த போல்ட்டே ஜெட்டாகவும், அதாவது பெட்ரோலை அளந்து விடும் பாகமாகவும், வேலை செய்கிறது, அதன் உடம்பில் பொடித் துளைகள் தெரியும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துளை வழியே வெளிச்சம் வராவிட்டால் குற்றவாளி அதுதான். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, மின்சார ஒயரிலிருந்து எடுத்த ஒற்றைச் செம்பு இழையால் மெதுவாகக் குத்துங்கள். இரும்பு ஊசி வேண்டாம். துளை கொஞ்சம் பெரிதானாலும் கலவையின் அளவு தப்பிவிடும், அப்புறம் நிஜமாகவே கார்புரேட்டர் மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: ஓடும்போது இன்ஜின் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது. கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கலாமா?

பதில்: கூடாது. இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பெட்ரோல் போதாமல் வேகம் விழுகிறது, கவர்னர் திராட்டிலை, அதாவது கலவை உள்ளே போகும் வழியை, திறக்கிறது, வேகம் ஏறுகிறது, மறுபடி மூடுகிறது. கோளாறு பெட்ரோல் வரத்திலோ, வேண்டாத இடத்தில் காற்று புகுவதிலோ இருக்கிறது. காற்று வரும் வழியை அடைக்கும் சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். ஓட்டம் சீரானால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். முதல் பதிலில் சொன்னபடி ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள். அதிலும் நிற்காவிட்டால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் காற்று புகாமல் அடைக்கும் கேஸ்கெட் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்ட வண்டியைச் சாய்த்தேன். அதற்கப்புறம் ஒரே வெள்ளைப் புகை. இன்ஜின் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. தப்பான பக்கம் சாய்த்திருக்கிறீர்கள், ஆயில் சிலிண்டருக்குள்ளும் ஏர் ஃபில்டரிலும் இறங்கிவிட்டது. எப்போதும் ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது சாய்ப்பது இன்னும் நல்லது. இப்போது ஆயில் அளவைப் பாருங்கள், சரியாக இருந்தால் ஓட விடுங்கள், சில நிமிடத்தில் புகை அடங்கும். ஆயிலில் ஊறிய காகித ஃபில்டரைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவிட்டு மாட்டலாம்.

சிலருக்குக் கயிறே இழுக்க வராமல் கல்லாட்டம் நிற்கும். வலுவாக இழுக்காதீர்கள். சிலிண்டருக்குள் ஆயில் நிரம்பியிருக்கிறது, அதை அழுத்த முடியாது, பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, துளைக்கு மேல் துணி போட்டு மெதுவாக இழுத்தால் ஆயில் வெளியே வந்துவிடும்.

கேள்வி: எந்த ஆயில்? பெட்ரோலோடு கலக்க வேண்டுமா?

பதில்: ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலக்கவே கூடாது. எஸ்.ஏ.இ. 30 அல்லது 10டபிள்யூ-30 என்ற தடிமன் எண் உள்ள ஆயில், பெரும்பாலும் அரை லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். புது வண்டிக்கு முதல் 5 மணி நேர ஓட்டத்தில் ஒருமுறை, பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முறுக்கிப் பார்ப்பதா, சும்மா செருகிப் பார்ப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் கையேட்டைப் பாருங்கள், அளவு மிஞ்சினாலும் புகைதான்.

கேள்வி: புல்லுக்குள் மறைந்திருந்த வேரில் பிளேடு மோதி வண்டி நின்றுவிட்டது. இப்போது இழுத்தால் கயிறு கையைத் திருப்பி வெட்டி இழுக்கிறது. பிளக் மாற்றியும் பலனில்லை.

பதில்: பிளக்கை விடுங்கள், ஃப்ளைவீல் கீயைப் பாருங்கள். இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் சின்னத் துண்டு அது. பிளேடு சட்டென்று நின்றது, கனமான ஃப்ளைவீல் நிற்காமல் கொஞ்சம் திரும்பியது, நடுவில் கீ நசுங்கியது. தீப்பொறியை உண்டாக்கும் காந்தம் ஃப்ளைவீலில் இருப்பதால் பொறி இப்போது தப்பான நேரத்தில் விழுகிறது, அதனால்தான் கயிறு திருப்பி அடிக்கிறது. மேல் மூடியையும் நட்டையும் கழற்றி நேர் மேலிருந்து பாருங்கள். ஷாஃப்ட்டின் பள்ளமும் ஃப்ளைவீலின் பள்ளமும் லேசாக விலகித் தெரிந்தாலே காரணம் கிடைத்துவிட்டது. பல இன்ஜின்களில் கீயை மெத்தென்ற உலோகத்தில் செய்திருப்பதே, அடி விழுந்தால் ஷாஃப்ட்டுக்குப் பதில் அது போகட்டும் என்றுதான். ஆகவே எஃகுத் துண்டை அறுத்துப் போடாமல் அதே மாடலுக்கான கீயையே போடுங்கள். விலை அற்பம்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். பிளேடையும் பிளக்கையும் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுக்கச் சொல்லி, ஷாஃப்ட்டின் அடி நுனியைக் கவனியுங்கள். ஒரே இடத்தில் நின்று சுற்றினால் நல்லது. வட்டமடித்து ஆடினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. அந்த வண்டியை மறுபடி ஓட்டாதீர்கள்.

கேள்வி: புல் வெட்டிய மறுநாளே நுனியெல்லாம் பழுப்பாகிவிடுகிறது. உரக் குறைவா?

பதில்: ஒரு புல்லைப் பறித்து நுனியைக் கிட்டத்தில் பாருங்கள். நார்நாராகக் கிழிந்திருந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது. 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சாணை பிடிப்பது நல்ல பழக்கம். பிளேடைக் கழற்றி வைஸில் இறுக்கி, ஏற்கெனவே உள்ள சரிவை அப்படியே ஒட்டி அரத்தால் ராவுங்கள். சவரக்கத்தி மாதிரிக் கூர் வேண்டாம், கல் பட்டால் சீக்கிரம் மடியும். பிறகு சுவரில் ஆணி அடித்து நடுத்துளையை அதில் மாட்டுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் ராவி, இரண்டும் சமமாக நிற்கும்வரை பாருங்கள். சமன் தப்பிய பிளேடு இன்ஜின் பேரிங்கைத் தின்றுவிடும். திரும்ப மாட்டும்போது இறக்கை போல் வளைந்த பகுதி மேலே பார்க்க வேண்டும். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

கேள்வி: கைப்பிடி லீவரை விட்டாலே இன்ஜின் நின்றுவிடுகிறது. கட்டி வைத்தால் என்ன?

பதில்: தயவுசெய்து கட்டாதீர்கள். 53 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால் அதன் நுனி மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் போகிறது. கையை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1982-இல் விதி வந்தது இதனால்தான். வழுக்கி விழும்போது உங்கள் காலைக் காப்பது அந்த லீவர் மட்டுமே. லீவரைக் கட்டிய வண்டியை யாரிடமும் கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தானாக நகரும் மாடல். இப்போது தள்ளினால்தான் போகிறது.

பதில்: கேபிள் தளர்ந்திருக்கும், கைப்பிடிக்குக் கீழே உள்ள திருகில் இறுக்குங்கள். பிறகு பெல்ட் தேய்ந்ததா, சக்கரத்தின் உட்பல் மழுங்கியதா என்று பாருங்கள். முன்சக்கர இழுவை வண்டியில் புல் பை நிரம்பினால் பின்பக்கம் கனத்து முன்சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விடும். பையைக் கொட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள், சரியாகிவிட்டால் எதையும் கழற்ற வேண்டியதில்லை.