ஆச்சி பதில்கள்: பாங்காக் சந்தையும் நம் அடுப்பும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாங்காக் பற்றியவை. போன இதழில் சுண்டைக்காய் பற்றி எழுதும்போது, பாங்காக் சந்தையில் பச்சைச் சுண்டைக்காய் கொத்துக் கொத்தாகக் கிடக்கும் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டீர்கள். மகன் அங்கே வேலையில் இருந்த வருடங்களில் அவன் வீட்டுச் சமையல் என் பொறுப்பு, சந்தைக் கூடையும் என் பொறுப்பு. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

ஆச்சி, மகள் பிரசவத்துக்காக பாங்காக் போகிறேன். மூன்று மாதம் இருக்க வேண்டும். எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் என்கிறார் மாப்பிள்ளை. எனக்குக் கையால் தொட்டுப் பார்த்து வாங்கினால்தான் திருப்தி. எந்தச் சந்தைக்குப் போகலாம்?
– தேவகோட்டை வாசகி

மாப்பிள்ளை சொல்வது பொய்யில்லை. எல்லாம் கிடைக்கும், பாலித்தீன் சுற்றி, நாலு நாலாக. பத்தியச் சமையலுக்கு அது எந்த மூலைக்கு?

நீங்கள் போக வேண்டியது க்ளோங் தோய் சந்தை. ராமா நாலாம் சாலையில் இருக்கிறது. எம்.ஆர்.டி. சுரங்க ரயிலில் குயின் சிரிகிட் நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். நம் ஊர் வாரச்சந்தை மாதிரி ஒரு நாள் கூடிக் கலைவது இல்லை. ராத்திரி பகல் என்று பார்க்காமல் நடக்கும். உணவுக்கடைக்காரர்கள் விடியுமுன்னே வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் காலை ஆறரை, ஏழுக்குப் போனால் சரக்கும் இருக்கும், நெருக்கடியும் கொஞ்சம் தணிந்திருக்கும்.

தரை முழுக்க ஈரம். மீன் தண்ணீர், ஐஸ் தண்ணீர், கீரை கழுவிய தண்ணீர் எல்லாம் கலந்து ஓடும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வழுக்காத ரப்பர் செருப்போடு போங்கள். பாரவண்டி தள்ளிக்கொண்டு வருகிற பையன்கள் பின்னாலிருந்து குரல் கொடுப்பார்கள். என்ன சொல்கிறான் என்று திரும்பிப் பார்க்காதீர்கள், ஓரமாக ஒதுங்கிவிடுங்கள். உயிர்க்கோழிக் கூண்டுகள் இருக்கிற பக்கம் வாடை அதிகம். உங்களுக்கு அங்கே வேலையில்லை என்றால் அந்த வழியையே தவிர்த்துவிடலாம்.

அங்கே என்ன கிடைக்கும்? முருங்கைக்காய், வாழைப்பூ, பீர்க்கங்காய், பாகற்காய், வெண்பூசணி, காராமணிக்காய், சிறகவரை, கோவைக்கீரை, வல்லாரை, வள்ளைக்கீரை, அகத்திப்பூ. அகத்தியில் நாம் கீரையைத் தேடுவோம், அவர்களுக்குப் பூதான் முக்கியம். சுண்டைக்காயை அவர்கள் கறிக்குழம்பில் பச்சையாகவே போடுவார்கள், அதனால் பிஞ்சாகப் பறித்து வரும். வாங்கி லேசாகத் தட்டி, மோரில் ஊறவைத்து, மாடியில் காயவைத்தால் மூன்று மாதத்துக்கு வற்றல் கவலை இல்லை. பச்சையிலேயே, அரிசி களைந்த தண்ணீரில் மண்டி வைத்தாலும் நன்றாக இருக்கும்.

வாழைப்பூவை அந்த ஊரிலும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள். பால் ஊற வேண்டும் என்று மிளகு போட்டு, கேங் லியங் என்று ஒரு குழம்பு வைப்பது வழக்கம். நாம் அந்தப் பூவையே துவட்டலாக, அதாவது பொரியலாகச் செய்துகொள்ளலாம். வீட்டு உதவிக்கு வருகிற அம்மாவிடம் சொல்லிவைத்தால் நல்ல பூவாக அவர்களே பொறுக்கி வந்துவிடுவார்கள். பிள்ளை பெற்ற வீடு என்றால் எந்த ஊரிலும் பெண்களுக்கு ஒரு கரிசனம்தான்.

கூட்டம், ஈரம் இரண்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஓர் தோர் கோர் சந்தை இருக்கிறது. சத்துசக் வாரக்கடைசிச் சந்தைக்கு எதிர்ப்பக்கம், கம்பேங் பெட் ரயில் நிலையத்தை ஒட்டினாற்போல. அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருகிற நிறுவனம் நடத்துகிறது. தரை பளபள என்று இருக்கும், பழம் ஒவ்வொன்றும் நகைக்கடையில் வைத்த மாதிரி. விலையும் அதற்கேற்றபடி. பழம் வாங்க, விருந்தாளியைக் கூட்டிப்போக அது சரி. தினசரிக் காய்க்குக் கட்டுப்படியாகாது.

தலாத் தாய் என்று இன்னொன்று சொல்வார்கள். நகரத்துக்கு வடக்கே பதும் தானியில், 1997-இல் திறந்த மொத்தச் சந்தை. சுமார் இருநூறு ஏக்கர். பழத்துக்கு ஒரு பக்கம், காய்க்கு ஒரு பக்கம், மீனுக்கு ஒரு பக்கம் என்று ஊர் மாதிரி விரிந்து கிடக்கும். கல்யாணச் சமையல் எடுத்திருந்தால் போங்கள். ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் வேண்டாம்.

நாங்கள் சுத்த சைவம். சந்தையில் தயாராக விற்கும் மசாலா விழுது, குழம்பு எல்லாம் வாங்கலாமா?
– கானாடுகாத்தான் வாசகி

விழுதைப் பார்த்தால் ஆசைதான் வரும். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று தாம்பாளத்தில் கோபுரமாகக் குவித்திருப்பார்கள். வாங்காதீர்கள். பெரும்பாலான விழுதில் கபி இருக்கும், அதாவது கூனி இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து அரைத்தது. மிளகாயும் எலுமிச்சைப் புல்லும் தூக்கலாக இருப்பதால் அந்த வாடை சட்டென்று பிடிபடாது. சாப்பாட்டுக் கடையில் கீரை வதக்கலுக்குக்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். கறி, மீன் துண்டு போடாவிட்டால் அவர்கள் கணக்கில் அது சைவம். கோபப்படுவதில் அர்த்தமில்லை, அவர்கள் சமையலில் அது உப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது.

மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடை கண்ணில் பட்டால் நில்லுங்கள். அது 'ஜே' உணவுக் கடை. சீன வழிச் சைவம். கறி, மீன், முட்டை கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் ஜே திருவிழா வரும். அப்போது தெருவெல்லாம் அந்தக் கொடிதான். நம் நவராத்திரியை ஒட்டியே பெரும்பாலும் வரும். அந்தச் சமயத்தில் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

விழுது வேண்டுமென்றால் சாமானாக வாங்கி வீட்டில் அரையுங்கள். பேரரத்தை பச்சையாக, இஞ்சி மாதிரி மலிவாகக் கிடைக்கும். நம் நாட்டு மருந்துக்கடையில் காய்ந்த துண்டாகப் பார்த்ததை அங்கே இளசாக வெட்டிச் சமைக்கலாம்.

தேங்காய் எப்படி? எங்கள் வீட்டில் ஆப்பத்துக்கும் இளங்குழம்புக்கும் தேங்காய்ப் பால் இல்லாமல் நடக்காது.
– பள்ளத்தூர் வாசகி

இந்த ஒரு விஷயத்தில் அந்த ஊரைப் பார்த்து எனக்குப் பொறாமை. சந்தையில் தேங்காய்ப் பால் கடை என்றே தனியாக உண்டு. உடைத்து, ஓடு நீக்கி, பின்பக்கத்துப் பழுப்புத் தோலையும் சீவிய தேங்காய் வெள்ளை வெளேரென்று தண்ணீரில் மிதக்கும். நீங்கள் கேட்ட அளவுக்கு எடுத்து இயந்திரத்தில் போட்டால், கீழே பூ மாதிரி உதிரும். கையில் எடுத்தால் ஈரத்தில் ஒட்டும். அதைத் துணிப் பையில் அள்ளி அழுத்தும் இயந்திரத்தில் வைப்பார்கள். சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், கெட்டியாக முதல் பால் இறங்கும். அதற்கு 'ஹுவா கத்தி' என்று கேட்க வேண்டும். அப்புறம் தண்ணீர் விட்டுப் பிழிவது 'ஹாங் கத்தி', நம் இரண்டாம் பால். இரண்டையும் தனித்தனிப் பையில் ஊற்றி, காற்றோடு சுழற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கட்டை அவிழ்க்க எனக்குக் கடைசி வரைக்கும் கத்தரிக்கோல்தான்!

பிழிந்த பால் அந்த வெயிலில் தாங்காது. சந்தையில் கடைசியாக வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அன்றே செலவழியுங்கள். ஆப்பத்துக்குப் பழுப்புத் தோல் சேராத வெள்ளைத் தேங்காய் என்று கேட்டு வாங்கினால் பால் நிறம் மாறாது.

கறிவேப்பிலை?
– காரைக்குடி வாசகர்

தாய்லாந்துக்காரர்கள் சமையலில் அதற்கு அவ்வளவாக இடமில்லை. பாஹுரத் பகுதியில் இந்தியக் கடைகளில் கேளுங்கள். துவரம் பருப்பும் அங்கேதான். சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கு எப்படியும் போவீர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் தமிழர்கள் கட்டியது. அர்ச்சனை முடிந்ததும் அக்கம்பக்கத்துத் தமிழ் முகங்களிடம் விசாரித்தால், யார் வீட்டுத் தொட்டியில் கறிவேப்பிலை இருக்கிறது என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்கள். கல்பாசி, மராத்தி மொக்கு இரண்டையும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

ஆச்சி, மீன் பற்றிச் சொல்லவே இல்லையே! கண்மாய் விரால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.
– புதுவயல் வாசகர்

உங்களுக்கு அது சொர்க்கம், தம்பி. விரால் அங்கே உயிரோடு கிடைக்கும். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கொஞ்சமாகத் தண்ணீர், துள்ளி வெளியே விழாமல் மேலே வலை. கை காட்டினால் போதும், பிடித்து, மண்டையில் ஒரு தட்டு தட்டி, செதில் நீக்கி, குடலெடுத்துத் தருவார்கள். குழம்புக்குத் துண்டு வேண்டுமென்றால் விரலால் அளவு காட்டுங்கள். சொல்லாமல் விட்டால் முழுசாகக் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் உப்பு அப்பி அப்படியே சுடுவார்கள். கெளுத்தியும் இதே மாதிரி உயிரோடு உண்டு.

கடல் மீனுக்கு, தொண்டி மீன் வாங்குகிற அதே கண் போதும். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் குழி விழாமல் தெளிந்திருக்கிறதா, அழுத்தினால் சதை எழும்புகிறதா, அவ்வளவுதான். நண்டைத் தூக்கிப் பாருங்கள், உருவத்துக்கு ஏற்ற கனம் இல்லை என்றால் உள்ளே சதையும் இல்லை. நண்டு ரசத்துக்கு நீலக்கால் நண்டு அருமையாக அமையும்.

சின்ன மூங்கில் கூடையில் இரண்டு மூன்று மீனைத் தலையை மடக்கிப் படுக்கவைத்திருப்பார்கள். 'பிளா தூ' என்று பெயர், நம் காணாங்கெளுத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி. கூடைக்குள் அடங்குவதற்காகத்தான் தலையை மடக்குவது. அது ஏற்கெனவே உப்பில் வெந்தது. பச்சை மீன் என்று நினைத்துக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் கரைந்து போகும். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள், ரசஞ்சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாம்.

ரோஸ் நிறத்தில் முட்டை விற்கிறார்களாமே, அது என்ன கோழி?
– கோட்டையூர் வாசகி

கோழி நிறம் மாறவில்லை, முட்டைக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். பதப்படுத்திய முட்டை என்று அடையாளம் தெரிவதற்கு. உள்ளே வெள்ளைக்கரு கறுப்புக் கண்ணாடி மாதிரி, வாடை தூக்கலாக. ஆம்லெட்டுக்கு ஆகாது.

பாஷை தெரியாமல் எப்படி விலை கேட்பது? பேரம் பேசலாமா?
– அரியக்குடி வாசகி

அட்டையில் விலை எழுதிச் செருகியிருப்பார்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கிலோ விலையா, 'கீத்' விலையா என்று. ஒரு கீத் என்றால் நூறு கிராம். மிளகாய், பூண்டு, விழுது, இறால் வகையறாவெல்லாம் சில கடைகளில் கீத் கணக்கில் எழுதியிருப்பார்கள். மலிவு என்று கிலோ கேட்டால் பத்து மடங்கு பணம் எடுக்க வேண்டிவரும். எழுத்து புரியாவிட்டால் கால்குலேட்டரை நீட்டுங்கள், தட்டிக் காட்டுவார்கள்.

காய், மீனுக்குப் பேரம் பெரிதாகச் செல்லாது. துணிக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கடையில் தொடர்ந்து வாங்கினால் ஒரு பிடி கொத்தமல்லியோ நாலு மிளகாயோ கொசுறாக வந்து விழும். இருபது, ஐம்பது, நூறு பாட் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். தாளில் அரசர் படம் இருக்கும். கீழே விழுந்து காற்றில் ஓடினால் காலால் மிதித்து நிறுத்திவிடாதீர்கள், அது அங்கே பெரிய அவமரியாதை. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும். சுற்றி இருக்கிறவர்கள் நின்றால் நீங்களும் கூடையோடு நின்றுவிடுங்கள்.

கவுனி அரிசியும் மங்குஸ்தானும் வாங்கி வரலாமா ஆச்சி?
– கண்டனூர் வாசகி

கறுப்புக் கவுனி அங்கே எல்லாச் சந்தையிலும் உண்டு, தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்து இனிப்புச் செய்வார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்து, கல்யாண விருந்து வரைக்கும் ஏற்றிவைத்த அரிசிதானே அது. ஆனால் பெட்டியில் சுமந்து வர என்ன அவசியம்? காரைக்குடியிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மங்குஸ்தான், வாழை, எந்தப் பச்சைப் பழமும் விமானத்தில் வேண்டாம். அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டுவந்தால், பயிர் நோய்த் தடுப்பு விதிப்படி விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். டுரியான் கதை இன்னும் மோசம், பல ஹோட்டல்களில் வாசலிலேயே படம் போட்டுத் தடுத்திருப்பார்கள். அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். குட்டை குட்டையாக 'நம் வா' என்று ஒரு வாழைப்பழம் வரும், அது நம் கற்பூரவல்லி இனம்தான்.

மங்குஸ்தானுக்கு மே, ஜூன் நல்ல பருவம். தோலை அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், கல் மாதிரி இருந்தால் பழசு. அடிப்பக்கத்தில் சின்னப் பூ வரைந்த மாதிரி இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகம் என்றால் சுளை சிறுசு, கொட்டையும் குறைவு. அப்படிப்பட்டதாகப் பொறுக்குங்கள். தோல் சாறு துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது, கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு உரிக்க உட்காராதீர்கள்.