ஜேஇஇ மெயின்: கடைசி நாட்கள், வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பொறியியல் படிப்புக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் ஆண்டுக்கு ஜனவரி, ஏப்ரல் என இரண்டு சுற்றாக நடக்கிறது. ஏப்ரல் சுற்று நெருங்கிவிட்டது. பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு எழுதப்பட்ட கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பரீட்சைக்கு 12 நாள்தான் இருக்கிறது. என்ன படிக்கலாம் சார்?

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? மாக் டெஸ்டில் எவ்வளவு வருகிறது, எந்தப் பாடம் காலை வாருகிறது, ஜனவரியில் எழுதினீர்களா, எதுவுமே எழுதவில்லை. அடுத்த முறை இவற்றைச் சேர்த்து எழுதுங்கள்.

பொதுவாகச் சொல்கிறேன். பாதி தெரிந்த பாடத்தை முழுசாக்குங்கள், அடியோடு தெரியாததை விடுங்கள். சுழற்சி இயக்கத்தை இதுவரை தொடாதவருக்கு 12 நாளில் அது வசப்படாது. குறைகடத்திகள், அலகுகளும் பரிமாணங்களும், அணிகளும் அணிக்கோவைகளும், வெக்டர், புள்ளியியல் எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு நாள், ஒன்றரை நாளில் தேறக்கூடியவை. புதுப் புத்தகம் எதையும் திறக்காதீர்கள்.

கால்குலேட்டர் கொண்டுபோகலாமா?

கூடாது. திரையிலும் கால்குலேட்டர் கிடையாது. இன்று முதல் பெருக்கலையும் வகுத்தலையும் கையால் போடுங்கள்.

இதுவரை 40 மாக் டெஸ்ட் எழுதிவிட்டேன். 300க்கு 118, 120 என்றே நிற்கிறது. எல்லாம் சில்லி மிஸ்டேக். இன்னும் 10 டெஸ்ட் எழுதலாமா?

வேண்டாம். இந்த 'சில்லி மிஸ்டேக்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மனசு கஷ்டமாகிவிடுகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை இந்த ஒரு சொல் கெடுத்துவைத்திருக்கிறது. தவறு நடந்தது, காரணம் கிடையாது, அடுத்த முறை தானாகச் சரியாகிவிடும் என்று அது நம்பவைத்துவிடுகிறது. தானாக எதுவும் சரியாவதில்லை.

போன மாதம் ஒரு மாணவர் தன் தவறு நோட்டைக் கொண்டுவந்தார். பாதி இடங்களில் சிவப்பு மையில் 'சில்லி மிஸ்டேக்', அதற்கு மேல் ஒரு வரி இல்லை. நல்லவேளையாக ரஃப் தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஐந்து டெஸ்டில் விட்ட 22 கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எட்டில் சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை. ஆறில் கேள்வி 'தவறான கூற்று எது' என்று கேட்டிருக்க, இவர் சரியான கூற்றைத் தேர்ந்திருக்கிறார். ஐந்தில் ஆரம் வர வேண்டிய இடத்தில் விட்டம். நிஜமான கூட்டல் கழித்தல் பிழை மூன்றே மூன்று.

ஒன்றைச் சொல்கிறேன். லென்ஸின் குவியத் தூரம் 25 செ.மீ., திறன் என்ன? 0.25 மீட்டர் என்று மாற்றினால் 4 டயாப்டர். இவர் தாளில் 1/25 = 0.04 என்று இருந்தது. நான்கு விடைகளில் 0.04உம் ஒன்று. கணக்கில் வந்த எண் அப்படியே திரையிலும் இருந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நீங்கள் எந்த இடத்தில் தடுக்குவீர்கள் என்று கேள்வி தயாரிப்பவருக்குத் தெரியும். அந்தத் தவறான எண்ணையும் விடைகளில் ஒன்றாக வைத்துவிடுவார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டெஸ்டுக்கு நாலு கேள்வி இப்படிப் போகிறது. ஒவ்வொன்றிலும் வர வேண்டிய 4 வராமல், 1 கழியவும் செய்கிறது. மொத்தம் 20 மதிப்பெண். புதிதாக ஒரு பாடமும் படிக்காமல் எடுத்திருக்கக்கூடிய மதிப்பெண் அது.

அதனால் உங்களுக்கு இன்னும் மூன்று டெஸ்ட் போதும். பழைய 40இல் கடைசிப் பத்தை எடுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் ரஃப் தாளைப் பார்த்து, எந்த வரியில் சறுக்கியது என்று எழுதுங்கள். 'சில்லி' என்று எழுதக் கூடாது. 'அலகு மாற்றவில்லை', 'கேள்வியின் கடைசி வரியைப் படிக்கவில்லை' என்று எழுதுங்கள். மூன்று மணி நேர டெஸ்டுக்கு இது மூன்று மணி நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். அடிக்கடி வரும் மூன்று காரணங்கள் உங்களுக்கே தெரிந்துவிடும். தேர்வு மையத்தில் ரஃப் தாள் கைக்கு வந்து தேர்வு தொடங்கியதும் அந்த மூன்றையும் அதன் தலையில் எழுதுங்கள். ஒவ்வொரு விடையையும் அழுத்தும் முன் ஒரு பார்வை, முதலில் அலகு.

ரஃப் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்கிறவர்கள் அந்தப் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள்.

தெரியாத கேள்விகளுக்கு குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தலாமா?

நாலு விடையில் ஒன்று, சரியானால் 4, தவறானால் மைனஸ் 1. சராசரியில் கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம் வரும். ஆனால் பத்துப் பதினைந்து கேள்விக்குள் அந்தச் சராசரி உங்களுக்குக் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ள முடிந்தால் கதை வேறு, அங்கே சராசரி ஒன்றரை மதிப்பெண். தயங்காமல் போடுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் எண்ணாகவே விடை எழுதும் ஐந்து கேள்விகளில் ஊகம் வேண்டாம், அங்கும் நெகட்டிவ் மார்க் உண்டு. பத்துக் கேள்வி கொடுத்து ஐந்தை எழுதச் சொன்ன சலுகை 2025இலிருந்து இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். மொத்தம் 75 கேள்வி, எல்லாமே கட்டாயம்.

உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் மூன்றும் பாக்கி. எதை முதலில் முடிக்கட்டும்?

எதையும் முடிக்க வேண்டாம். மூன்றுமே 2024 பாடத்திட்டத்தில் மெயினிலிருந்து நீக்கப்பட்டவை. நம் பிளஸ் டூ புத்தகத்தில் இருப்பதால் குழப்பம் வருகிறது, புரிகிறது. ஆனாலும் பாடத்திட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் பரீட்சைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பது சரியில்லை தம்பி. தேர்வை நடத்தும் என்டிஏவின் தளத்தில் இருக்கிறது, இன்று இரவே பாருங்கள். மிச்சமான நேரத்தை அணைவுச் சேர்மங்களுக்கும் பி தொகுதிக்கும் கொடுங்கள்.

தமிழில் எழுத விண்ணப்பித்தேன். இப்போது பயமாக இருக்கிறது. (மாணவி, தர்மபுரி)

பயப்படாதீர்கள் அம்மா. கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. அதனால் தமிழில் படித்து, ஒரு சொல் இடறினால் மட்டும் ஆங்கிலத்தைப் பாருங்கள். உந்தம், முடுக்கம், மின்தேக்குத்திறன் என்று நூறு சொற்களுக்கு ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதி தினமும் ஒருமுறை படித்துவிடுங்கள். இதற்காகப் புதுப் புத்தகம் வாங்க வேண்டாம், உங்கள் பாடநூலின் கலைச்சொற்கள் பகுதியே போதும்.

மகன் இரவு 2 மணி வரை படிக்கிறான். காலை ஷிப்ட் கிடைத்திருக்கிறது. (ஒரு தாய்)

தேர்வு காலை 9 முதல் 12. அந்த நேரத்தில்தான் அவன் மூளை விழித்திருக்க வேண்டும். இன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் முன்னால் படுக்கவையுங்கள், ஒரே நாளில் மாற்றாதீர்கள். மாக் டெஸ்டும் 9 மணிக்கே எழுதட்டும்.

எனக்குக் கடினமான ஷிப்ட் வந்துவிட்டால்?

பெர்சன்டைல், அதாவது நூற்றுக்கு எத்தனை பேர் உங்கள் மதிப்பெண்ணிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்ற கணக்கு, உங்கள் ஷிப்டில் எழுதியவர்களை வைத்தே போடப்படுகிறது. உங்களுக்குக் கடினம் என்றால் பக்கத்து நாற்காலிக்கும் கடினம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 13 லட்சம் பேர் எழுதுகிறார்கள், ஆக 99 பெர்சன்டைல் என்றால் உங்களுக்கு முன்னால் சுமார் 10 முதல் 13 ஆயிரம் பேர். ஜனவரியிலும் எழுதியிருந்தால் இரண்டில் எது நல்லதோ அதுதான் தரவரிசைக்குப் போகும்.

டெலிகிராமில் 'உறுதியாக வரும் 50 கேள்வி' என்று 500 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

கூடாது. குரூப்பை விட்டு வெளியே வாருங்கள்.

பிளஸ் டூவைக் கொஞ்சம் அலட்சியமாக எழுதிவிட்டேன். பரவாயில்லையா? (திருச்சி)

முடிந்துவிட்டதை இப்போது மாற்ற முடியாது. அடுத்த ஆண்டு எழுதப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். என்ஐடி என்ற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்குப் போக பிளஸ் டூவில் 75 சதவீதம், எஸ்சி எஸ்டி பிரிவினருக்கு 65 சதவீதம் வேண்டும், அல்லது உங்கள் போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். மெயினில் நல்ல ரேங்க் எடுத்தும் இதில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்வுக்கோ 2007இலிருந்து நுழைவுத் தேர்வே இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, எல்லாம் பிளஸ் டூ மார்க்கிலிருந்துதான். நீங்கள் ரிசல்ட் வரும்வரை அதை நினைக்காமல் மெயினை எழுதுங்கள்.

மீண்டும் பார்க்கலாம் என்று திரையில் 'மார்க் ஃபார் ரிவ்யூ' போட்ட விடை கணக்கில் வருமா?

விடையைச் சேமித்துவிட்டு மார்க் போட்டிருந்தால் வரும். சேமிக்காமல் மார்க் மட்டும் போட்டிருந்தால் வராது. கடைசி ஐந்து நிமிடத்தை இதைச் சரிபார்க்க ஒதுக்குங்கள்.