அம்மாவின் குரலை முதலில் கவனியுங்கள்

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன், வயது 38. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் தைராய்டில் 7 மி.மீ. கட்டி, ஸ்கேனில் அதன் சந்தேக அளவு ‘டைராட்ஸ் 3’ என்று வந்திருக்கிறது. தூக்கமே போய்விட்டது. யூடியூபில் பார்த்து முட்டைகோஸை விட்டேன். தைராக்ஸின் மாத்திரையையும் 10 நாளாகப் போடவில்லை. முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறேன். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவுமாமே, பேசாமல் தைராய்டையே எடுத்துவிடலாமா? அம்மாவுக்கும் (62) பல வருடமாகக் கழுத்தில் கட்டி உண்டு. 2 மாதமாகக் குரல் மட்டும் கம்மியிருக்கிறது. இது பரம்பரையா?

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அம்மாவின் குரல் கம்மியிருக்கிறது என்று, அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த வாரமே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் அவர்தான்.

குரல்நாணை அசைக்கும் நரம்பு தைராய்டின் பின்பக்கத்தை ஒட்டித்தான் மேலே ஏறுகிறது. பல வருடம் சும்மா கிடந்த கட்டி அந்த நரம்பைப் பிடித்துவிட்டால் குரல் மாறும். சளியால் கட்டிய தொண்டை 2 வாரத்தில் திறந்துவிடும். 3 வாரம் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

இன்றைக்கே அம்மாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து ஒரு மடக்கு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். விழுங்கும்போது தைராய்டு கட்டி ஏறி இறங்கும். அசையாமல் கல் மாதிரி இருந்தாலோ, பக்கவாட்டில் நெறி கட்டியிருந்தாலோ, மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இதெல்லாம் இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், குரல் மாறியது ஒன்றே போதும். மூச்சுத் திணறினால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டு, இரண்டு குரல்நாணும் அசைகிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்ப்பார். அப்புறம் ஸ்கேன், கட்டியிலிருந்து செல்களை ஊசியால் எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை. ஊசியால் பரவும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது அது. அதற்குப் பயந்து ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. புற்றுநோயாகவே இருந்தாலும் பெரும்பாலும் பாப்பில்லரி வகையாகத்தான் இருக்கும். அது அறுவை சிகிச்சைக்கும், தேவைப்பட்டால் ரேடியோ அயோடின் என்ற கதிரியக்க மருந்துக்கும் நன்றாகவே கட்டுப்படும். பரம்பரைக் கவலை முக்கியமாக மெடுல்லரி என்ற அரிய வகைக்கு. அம்மாவுக்கு அது என்று வந்தால் ‘ரெட்’ மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசுவோம்.

சரி, உங்கள் கட்டி. டைராட்ஸ் 3 என்றால் லேசான சந்தேகம், அவ்வளவுதான். அந்த வகையில் 2.5 செ.மீ. வந்தால்தான் ஊசியே குத்துவோம். ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனையில், புற்றுநோய் என்றே உறுதியான 1 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளையும் 1993 முதல் வெட்டாமல் கண்காணித்து வருகிறார்கள். 10 வருடத்தில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தவை சுமார் 8 சதவீதம்தான். தென் கொரியாவில் அறிகுறி இல்லாதவர்கள் பலருக்கும் கழுத்து ஸ்கேன் எடுக்க ஆரம்பித்தார்கள். 1993-ஐவிட 2011-ல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது, இறப்பு விகிதமோ மாறவே இல்லை. தேவையில்லாமல் சுரப்பியை இழந்தவர்களுக்கு ஆயுளுக்கும் மாத்திரைதான் மிச்சம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

தைராக்ஸினை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? நாளைக் காலையே வெறும் வயிற்றில் பழைய அளவில் போடுங்கள், 6 வாரம் கழித்து, மாத்திரை அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்க்கலாம். பயோட்டின் அந்த ரத்தப் பரிசோதனையைத் தப்பாகக் காட்டும், குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். கோஸ் பொரியலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

அம்மாவின் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் பீரோவில் எங்காவது இருந்தால் தேடி எடுத்துப் போங்கள். கட்டி முன்பு எவ்வளவு இருந்தது என்பது மருத்துவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.