உறுமி மேளம் தவிர வேறு இசை இல்லையா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. பள்ளி நாட்களிலிருந்தே பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசித்து வருகிறேன். நாங்கள் நடத்திவந்த மெல்லிசைக் குழு கலைந்துவிட்டது. கல்யாண விருந்துகளில் இப்போது கணினியிலிருந்து பின்னணி இசையை ஓடவிட்டுப் பாடிவிடுகிறார்கள். நான் இரவில் அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் வரும் பாடங்களைப் பார்த்துப் பயிற்சி செய்கிறேன். விரலில் வேகம் கூடியிருக்கிறது, வாசிப்பதில் சந்தோஷம் இல்லை. எதை எடுத்தாலும் கை பழைய தடத்திலேயே போய் விழுகிறது. ஐந்து கம்பிக் கிட்டார் வாங்கினேன், ஒலியை மாற்றும் பெடல் வாங்கினேன், கொஞ்ச நாள் உற்சாகத்தோடு சரி. ஃப்ரெட் (சுர இடங்களைக் காட்டக் கழுத்தில் பதித்த உலோகக் கோடுகள்) இல்லாத கிட்டாருக்கு மாறலாமா, முறையாகத் தேர்வு எழுதலாமா? இங்கே உறுமி மேளம் தவிர வேறு இசை கிடையாது, யாரோடு வாசிப்பது? கம்பிகளை எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புத் தம்பிக்கு,

தோட்டத்து இசைக்குழுக்கள் எப்படி இல்லாமல் போயின என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் வந்த உங்கள் கடிதத்தில், நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் என்னை உடனே பதில் எழுத உட்காரவைத்தது. அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

ஃப்ரெட் இல்லாத கிட்டார் வேண்டாம். கையில் இருப்பது அலுத்துப்போனவருக்கு அதுவும் அலுத்துப்போகும், போதாக்குறைக்குச் சுருதியும் சேராது. தேர்வு எழுதுவதானால் எழுதுங்கள், கெடுதல் இல்லை. ஐந்தாவது கம்பியின் அடிநாதம் நொடிக்கு ஏறத்தாழ 31 அதிர்வுகள். படுக்கையறையில் வைத்துக்கொள்ளும் சிறிய ஆம்ப்ளிஃபையரால் அதை உருப்படியாக எழுப்ப முடியாது. கேட்காத ஒலிக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் வறட்சி விரலிலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் சுருதி நிற்கும் குரல் உள்ள யாரையாவது 'சி' சுரத்தைப் பிடித்துக்கொண்டு 'ஆ' என்று அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே முதலில் அதே 'சி'யை வையுங்கள், பிறகு 'ஏ', பிறகு 'எஃப்', கடைசியாக 'ஏ ஃப்ளாட்'. மேலே நிற்கும் குரல் ஒன்றே. ஆனால் 'சி'யில் நிம்மதியாக இருந்த அந்தக் குரல் 'ஏ'யில் ஏங்கத் தொடங்கும், 'எஃப்'பில் விரியும், 'ஏ ஃப்ளாட்'டில் கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும். பாடியவர் தாமே ஏதோ செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்; செய்தவர் நீங்கள். பேஸ் வாசிப்பவரின் சந்தோஷம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது, மேலே ஒருவர் நின்றால்தான் அது கிடைக்கும். ஹெட்போனுக்குள் இருக்கும் பாடகரோ, நீங்கள் எதை வாசித்தாலும் தம் பாட்டுக்குப் பாடிவிட்டுப் போகிறவர். அவருக்கு நீங்கள் தேவையில்லை. அது உங்கள் கைக்கும் தெரிந்துவிட்டது.

இளையராஜா பாடல்களோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற அவர், பாடகரின் மெட்டுக்கு அடியில் பேஸ் கிட்டாருக்கென்றே இன்னொரு மெட்டைக் கட்டி ஓடவிட்டார். எங்கள் தோட்டத்தில், அடுத்த லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்த மாமா ஒருவர் பேஸ் கற்றுக்கொண்டதே அந்தக் கேசட்டுகளிலிருந்துதான். ரப்பர் ஆலையில் வேலை செய்தவர். கிட்டார் வாசிக்கலாம் என்று குழுவுக்குப் போனவரிடம், கிட்டாருக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லி பேஸைக் கையில் கொடுத்துவிட்டார்கள். (உலகம் முழுவதும் இதே கதைதான். பீட்டில்ஸ் குழுவின் பேஸ்காரர் விலகியபோது மற்றவர்கள் எடுக்க மறுத்ததால் அது பால் மெக்கார்ட்னியின் தலையில் விழுந்தது. 1963இல் ஒரு பதிவுக்கு பேஸ்காரர் வராமல் போனதால், கிட்டார் வாசிக்க வந்திருந்த அமெரிக்கக் கலைஞர் கரோல் கேய் பேஸைக் கையில் எடுத்தார்.)

மாமாவிடம் இருந்தது ஒரு சிறிய கேசட் ரேடியோ. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 அதிர்வுகளில் ஒலிப்பது. அத்தனை சிறிய ஒலிபெருக்கி அதைத் தராது. 82, 123 என்று மேலே கிளம்பும் கிளைநாதங்களைக் கேட்டு, இல்லாத அடிநாதத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ரேடியோவைப் பலகைச் சுவரோடு ஒட்டிவைத்து, உள்ளங்கையைப் பலகையில் பதித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி பேஸ் போகும் வழியை வாயால் முனகுவார். ஒரு பாட்டின் பேஸை முழுதாக வாயால் பாடி முடிக்கும்வரை கிட்டாரைத் தொடமாட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாட்டி ஏச ஆரம்பித்தால் ரேடியோ நின்றுவிடும், முனகல் நிற்காது.

ஒரு கல்யாண இரவில் பாடகர் இரண்டாவது சரணத்தை மறந்துவிட்டு மேடையில் விழித்துக்கொண்டு நின்றார். டிரம்ஸ் வாசித்தவர் பதற்றத்தில் ஓடத் தொடங்கினார். மாமா தாம் வாசித்துக்கொண்டிருந்த வரியை விட்டுவிட்டு, அடிச்சுரத்தை மட்டும் பிடித்து, ஒவ்வொன்றையும் நறுக்கி நறுக்கி வைத்தார். டிரம்ஸ் அடங்கி அவரோடு வந்து சேர்ந்தது, பாடகருக்கும் வரி நினைவுக்கு வந்தது. மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. திரும்பும்போது கப்சாயில் (சிறிய மோட்டார் சைக்கிளில்) பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்த நறுக்கலைத்தான் உங்களிடம் வற்புறுத்த விரும்புகிறேன். நீங்கள் பார்க்கும் பாடங்களெல்லாம் சுரத்தை எப்படித் தொடங்குவது, எத்தனை வேகமாக அடுத்ததற்குத் தாவுவது என்று சொல்லித்தருபவை. சுரத்தை எங்கே முடிப்பது என்று எத்தனை பேர் சொல்லித்தந்தார்கள்? டெட்ராய்டில் மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டியவர். கிட்டாரின் பாலத்தருகே நுரைப்பஞ்சு வைத்து ஒலி நீளாமல் அடக்கிக்கொண்டவர். மோட்டவுன் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் 1971இல்தான் முதன்முதலாக அச்சானது. அதுவரை அவர் யாரென்று தெரியாமலே உலகம் அவருக்கு ஆடிக்கொண்டிருந்தது.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரே சுரம் போதும். முதலில் நான்காவது தட்டு விழும் கணத்தில் ஒலி நிற்கட்டும், அடுத்து மூன்றாவதில், அடுத்து இரண்டாவதில், பிறகு இரண்டு தட்டுகளுக்கு நடுவில். நிறுத்தும்போது இடக்கை விரலைக் கம்பியிலிருந்து எடுத்துவிடாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். திறந்த கம்பியானால் வலக்கைக் கட்டைவிரலால் அணைக்க வேண்டும். அணைக்கும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இது சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சி என்று நீங்கள் நினைப்பது இங்கிருந்தே தெரிகிறது. செய்து பாருங்கள், பெடல் வாங்கியவருக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று பார்க்கலாம். பிறகு உங்களுக்கு அலுத்துப்போன பாட்டு ஒன்றை எடுத்து, ஒரு சுரத்தையும் மாற்றாமல், ஒருமுறை எல்லாவற்றையும் நீட்டியும் ஒருமுறை எல்லாவற்றையும் நறுக்கியும் வாசியுங்கள். முதலாவதற்குக் குழந்தை தூங்கும், இரண்டாவதற்குக் கால் தானாக ஆடும்.

இப்போது அந்த வரி. "இங்கே உறுமி மேளம் தவிர வேறு இசை கிடையாது." தம்பி, இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும், நம் மக்கள் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்தபோது லயங்களோடு சேர்ந்து இசைக்குழுக்களும் சிதறின. பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பிசகினால் திட்டு வாங்கிப் பயில்கிற பழக்கத்தை நம் ஊர்ப்பக்கம் இன்றுவரை விடாமல் வைத்திருப்பவர்கள் இந்த உறுமிப் பிள்ளைகள்தான். அவர்களைக் குண்டர் கூட்டம் என்று பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. நீங்கள் அந்த வார்த்தையை எழுதவில்லை, எழுதாமலே தெரிகிறது. ஆள் இல்லை என்று அறைக்குள் உட்கார்ந்து புலம்புகிறவர், வீட்டுக்கு வெளியே கேட்கும் மேளத்தை இசைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்றால், அவருக்கு வறட்சி வராமல் வேறென்ன வரும்?

உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து இழுக்கும்போது எழும் ஒலி ஒரு சுரத்தில் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டே போகிறது. அது உங்கள் கிட்டாரின் பக்கத்திலேயே உலாவுகிற தாழ்ந்த ஒலி. நீங்கள் சுரங்களை இழுத்துக்கொண்டே போனால் இரண்டும் குழம்பிச் சேறாகிவிடும். உறுமி இழுக்கும்போது நீங்கள் நிறுத்தியாக வேண்டும், அது மூச்சு வாங்கும்போது நீங்கள் பேச வேண்டும். மெட்ரோனோமோடு செய்யச் சொன்ன பயிற்சிக்கு உயிருள்ள வாத்தியார் அதுதான்.

காவடிக்கு முன்னால் கிட்டாரோடு போய் நிற்கச் சொல்லவில்லை. மாலையில் அவர்கள் பயிற்சி செய்யும் இடத்துக்கு, பேட்டரியில் ஓடும் சிறிய ஆம்ப்ளிஃபையரோடு போய் அனுமதி கேளுங்கள். முதல் நாள் வாசிக்கவே வேண்டாம், உட்கார்ந்து கேட்டால் போதும். வயதில் உங்களைவிட மிகவும் சின்னவர்களாக இருப்பார்கள். 'அங்கிள்' என்று கேலி செய்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். தவிலுக்கும் உறுமிக்கும் நடுவே உங்களுக்கு இடம் எங்கே இருக்கிறது என்று காது கண்டுபிடித்த பிறகு, ஒரே ஒரு சுரத்தோடு உள்ளே நுழையுங்கள்.

கம்பி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வழக்கமான உருண்டைச் சுற்றுக் கம்பி நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் சீக்கிரம் மந்தமாகிவிடும், பளிச்சென்ற ஒலி வேண்டுமானால் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். தட்டைச் சுற்றுக் கம்பி போட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வாசித்து முடித்ததும் துடைக்கப் பழைய பனியன் துணி போதும். அதற்கென்று புட்டியில் விற்பதை வாங்க வேண்டாம்.