அமெரிக்கக் கால்பந்தில் டிராஃப்டின் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஐந்தாம் சுற்றில் எடுத்த பூகா நக்குவா முதல் சீசனிலேயே எப்படிச் சாதித்தார்?

அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு. 2023 டிராஃப்டில் 177-வது ஆளாகத்தான் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரை எடுத்தது. அணியின் மூத்த ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) கூப்பர் கப் காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களில் இல்லை. அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. இரண்டாவது ஆட்டத்திலேயே 15 கேட்ச்!

ஆனால் நிலைத்ததற்குக் காரணம் வேறு. இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே காலி இடம் எங்கே என்று ஓடும்போதே கண்டுபிடித்து, சட்டென்று நின்று திரும்புவார். அதற்குள் அணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்ட் எறிந்த பந்து பாதி வழி வந்திருக்கும். பந்து தனக்கு வராதபோதும் எதிராளியை முட்டித் தடுப்பார். புது ரிசீவர்கள் பலர் இதில்தான் சோம்பல்படுவார்கள், என்னைக் கேட்டால்.

சீசன் முடிவில் 105 கேட்ச், அவற்றால் முன்னேறிய தூரம் 1,486 யார்டு. 1960-இல் பில் குரோமன் வைத்த அறிமுக சீசன் யார்டு சாதனை அதோடு உடைந்தது.