கையெழுத்தைப் பெற்றோர் போடலாம், கதையை நீங்கள்தான் திருத்த வேண்டும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பள்ளி மாணவர்களுடையவை. எல்லாமே நாவல் வெளியிடுவது பற்றி. பதில் சொல்பவர்கள்: எங்கள் பதிப்பாசிரியர் குழு.

எனக்கு 16 வயது. 92,000 சொற்களில் ஒரு நாவலை நேற்று முடித்தேன். உடனே பதிப்பகத்துக்கு அனுப்பிவிடலாமா? (11ஆம் வகுப்பு வாசகி)

வேண்டாம். முடித்ததற்கு வாழ்த்துகள், அதுவே பெரிய வேலை. ஆனால் உங்கள் கையில் இருப்பது முதல் வரைவு. நான்கு முதல் ஆறு வாரம் அதைத் தொடாதீர்கள். இப்போது படித்தால் மனசில் நினைத்ததுதான் தெரியும், எழுதியது கண்ணில் படாது.

பிறகு அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு. இளம் எழுத்தாளர்களின் கைப்பிரதிகளில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இரண்டு கோளாறுகள். ஒன்று, கதை மூன்றாம் அத்தியாயத்தில்தான் தொடங்கும். முதல் இரண்டும் குடும்ப வரலாறும் ஊர் வர்ணனையுமாக இருக்கும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டு நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். கதை புரிகிறது என்று அவர் சொன்னால் அவை தேவையில்லை.

இன்னொன்று, உணர்ச்சியை எழுத்தாளரே சொல்லிவிடுவது. “அவள் மிகுந்த வேதனையுடன், கண்ணீர் மல்க, மெதுவாகக் கதவைச் சாத்தினாள்” என்று எழுதியிருப்பீர்கள். “அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை” என்று மாற்றிப் பாருங்கள். போனவன் திரும்பி வருவான் என்று அவள் காத்திருப்பது, யாரும் சொல்லாமலே வந்துவிடுகிறது. வரைவு முழுக்க இந்த வேலையைச் செய்தாலே நீளம் கணிசமாகக் குறையும்.

நீளம் பற்றியும் ஒன்று. ஆங்கிலத்தில் இளையோர் நாவலுக்கு 50,000 முதல் 80,000 சொற்கள் என்பார்கள். அந்தக் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது நமக்கு “வீட்டில்” என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். அச்சுப் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்று வைத்தால், உங்கள் நாவல் 460 பக்கம். முதல் நூலுக்கு இது கனம். பக்கம் கூடினால் அச்சுச் செலவும் விலையும் கூடும், பதிப்பாளர் தயங்குவார்.

என்னென்ன அனுப்ப வேண்டும்? எந்த வடிவத்தில்?

முதலில் அந்தப் பதிப்பகம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். அதன் விதி எதுவோ, அதுவே விதி. தனியாக எதுவும் சொல்லாவிட்டால் ஒரு பக்கக் கடிதம், ஒன்றிரண்டு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் போதும். கைப்பிரதி யூனிகோடு எழுத்துருவில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரியும். 12 புள்ளி அளவு, ஒன்றரை வரி இடைவெளி, நான்கு பக்கமும் ஓரங்குல ஓரம், பக்க எண். அலங்காரமோ படமோ வேண்டாம். ஒற்றுப்பிழைகளை யாராவது தமிழாசிரியரிடம் காட்டித் திருத்திவிடுங்கள்.

பலரும் சறுக்குவது கதைச்சுருக்கத்தில். பின்னட்டைக் குறிப்பு போல “அடுத்து நடந்தது என்ன?” என்று நிறுத்திவிடுகிறார்கள். பதிப்பாசிரியருக்கு முடிவு தெரிந்தாக வேண்டும். கொலையாளி யார், யார் பிரிகிறார்கள் என்பதையெல்லாம் சொல்லிவிடுங்கள். கதையை முடிக்கத் தெரிந்தவரா என்பதை அவர் அதை வைத்துத்தான் எடைபோடுவார்.

வயதைச் சொல்லலாமா?

கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் சொல்லுங்கள். “எனக்கு 15 வயதுதான்” என்று தொடங்கினால் சலுகை கேட்பது போலாகிவிடும். மறைக்கவும் கூடாது, ஒப்பந்தம் வரும்போது எப்படியும் தெரிந்துவிடும். அமெரிக்க எழுத்தாளர் எஸ். இ. ஹிண்டனின் முதல் நாவல் 1967இல் வெளியானபோது அவருக்கு 18 வயது. அட்டையில் குடும்பப் பெயருக்கு முன்னால் முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. படித்த பலருக்கு அவர் பெண் என்பது தெரியாது. ஆனாலும் கதை நின்றது.

என் மகளின் நாவலை ஒரு பதிப்பகம் ஏற்றிருக்கிறது. ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திட வேண்டுமாம். எதைப் பார்க்க வேண்டும்? (ஒரு தந்தை)

சட்டப்படி வயது வராதவர் போடும் ஒப்பந்தம் பல நாடுகளில் செல்லாது, அல்லது அவர் பின்னால் விலகிக்கொள்ளலாம். அதனால்தான் பெற்றோர் கையெழுத்தைக் கேட்கிறார்கள். பதிப்புரிமை மகளின் பெயரிலேயே இருக்கட்டும். பதிப்பகத்துக்குக் கொடுப்பது வெளியிடும் உரிமம் மட்டும், அதுவும் எத்தனை ஆண்டுக்கு என்ற வரையறையுடன். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமைகள். “எல்லா உரிமைகளும், என்றென்றைக்கும்” என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.

ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு படிக்கும் எழுத்தாளருக்கு வரும் பங்கு, 10 சதவீதம் என்றால், எதில் 10 என்று கேளுங்கள். அட்டை விலை 200 என்றால் 20 கிடைக்கும். கடைக்கு 40 சதவீதக் கழிவு போக, பதிப்பகத்துக்கு வரும் 120இல் என்றால் 12தான். கணக்கு எப்போது தருவார்கள், நூல் தீர்ந்துபோய் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை திரும்புமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞர் படித்துவிடட்டும்.

“கதை அபாரம், பணம் கட்டினால் மூன்றே வாரத்தில் நூல்” என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

மூன்று வாரத்தில் யாரும் ஒரு நாவலைச் செப்பனிட்டு, மெய்ப்புப் பார்த்து, அச்சிட முடியாது. அதாவது செப்பனிடும் வேலையே நடக்காது. வழக்கமான பதிப்பில் செலவு பதிப்பாளருடையது, பணம் எழுத்தாளரை நோக்கி வரும். சொந்தப் பதிப்பு என்பது வேறு, அது தவறே இல்லை. ஆனால் அதில் யார் செப்பனிடுவார், எத்தனை படி அச்சாகும், விற்காத படிகள் யாருடையவை, நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் யார் பெயரில் என்று ஒவ்வொன்றையும் நீங்கள் தீர்மானிக்க வேண்டும். “குறைந்தது 300 படிகளை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்” என்று நிபந்தனை வந்தால் அங்கே வாசகர் நீங்கள் ஒருவர்தான். மறுத்துவிடுங்கள்.

கதையை இணையத்தில் தொடராகப் போட்டால் பிறகு நூலாகுமா?

சில பதிப்பகங்கள் அதை ஏற்கெனவே வெளியான படைப்பாக எடுத்துக்கொள்கின்றன. முதல் சில அத்தியாயங்களோடு நிறுத்துவது நல்லது. கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயமும் சிலர் கடிதத்தில் இருக்கிறது. எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. தேதியிட்ட வரைவுகளை மட்டும் அழிக்காமல் வையுங்கள்.

அனுப்பி நான்கு மாதமாகிறது. பதிலே இல்லை.

தலைப்பும் அனுப்பிய தேதியும் குறிப்பிட்டு, மூன்று வரியில் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பதிப்பகம். ஒரே சமயத்தில் பலருக்கு அனுப்புவதாக இருந்தால் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள், ஒருவர் ஏற்றதும் மற்றவர்களுக்கு அன்றே தெரிவியுங்கள். காரணம் சொல்லாமல் மறுத்தால் விட்டுவிடலாம். “நடுப்பகுதி தொய்கிறது” என்று ஒரு வரி எழுதியிருந்தால், அவர் கடைசி வரை படித்திருக்கக்கூடும். அந்த நடுப்பகுதியைத் திரும்ப எழுதிவிட்டு, மறுபடி பார்ப்பீர்களா என்று அவரிடமே கேளுங்கள்.