கேள்வி பதில்: கத்திக்குத்து காட்டிய பியானோ

கேள்வி: ப்ளூஸ் பாட்டு என்றாலே கிதாரும் கையுமாக ஒரு தாத்தாதான் நினைவுக்கு வருகிறார். பியானோ வாசித்துக்கொண்டே பாடியவர்கள் யாரும் கிடையாதா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை. அதில் பியானோக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. எனக்குப் பிடித்தவர் பைன்டாப் பெர்கின்ஸ். வேடிக்கை என்னவென்றால், அவரும் முதலில் கிதார்க்காரர்தான். 1913இல் மிசிசிப்பி மாநிலத்தின் பெல்சோனியில் பிறந்தவர், சொந்தப் பெயர் ஜோ வில்லி பெர்கின்ஸ். 1940களில், ஆர்கன்சாவில் உள்ள ஹெலினா என்ற ஊரில், மேடையில் ஆடுகிற ஒரு பெண்ணுக்கும் இவருக்கும் தகராறு முற்றி, அந்தப் பெண் கத்தியை இவருடைய இடது கையில் இறக்கிவிட்டார். தசைநாண் போச்சு. கிதாரில் கம்பியை அழுத்திப் பிடிப்பது இடது கைதானே, அந்தப் பிழைப்பு அன்றோடு சரி. பியானோ ஏற்கெனவே கொஞ்சம் தெரியும் என்பதால் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். அதே ஊர் வானொலியில், ஒரு மாவு கம்பெனியின் விளம்பரத்தோடு நடந்துவந்த 'கிங் பிஸ்கட் டைம்' நிகழ்ச்சியில், மவுத் ஆர்கன் வாசித்துப் பாடும் சன்னி பாய் வில்லியம்சனுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். அந்தக் காலத்தில் கிளார்க்ஸ்டேலில் ஒரு பையனுக்குப் பியானோவும் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் புகழையும் கெட்ட பெயரையும் ஒருசேரச் சம்பாதித்த இசைக்கலைஞர் ஐக் டர்னர்தான் அந்தப் பையன்.

கேள்வி: 'பைன்டாப்' என்பது பட்டப்பெயரா? (வாசகர், நெய்வேலி)

பதில்: அதுவும் கடன் வாங்கியது! முதல் பைன்டாப், கிளாரன்ஸ் ஸ்மித் என்பவர். 1928இல் 'பைன்டாப்ஸ் பூகி வூகி' என்று ஓர் உருப்படியைப் பதிவு செய்தார் (பூகி வூகி என்பது துள்ளி ஓடுகிற பியானோ ப்ளூஸ்), அடுத்த வருஷமே சிகாகோவில் ஒரு நடன அரங்கில் குண்டடிபட்டு இறந்துபோனார். வயது 24. அந்த உருப்படியை நம்மவர் 1950களில் மெம்பிஸில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் சாம் பிலிப்ஸின் ஸ்டுடியோவில் பதிவு செய்தார், பாட்டோடு சேர்ந்து பெயரும் ஒட்டிக்கொண்டது. அதை இவரே போட்ட பாட்டு என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய ஆள் என்கிறீர்கள், நான் பேரே கேள்விப்பட்டதில்லையே? (வாசகர், ஈரோடு)

பதில்: நம் கச்சேரிகளையே எடுத்துக்கொள்ளுங்களேன், சுவரொட்டியில் பாடகர் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கும், மிருதங்கக்காரர் பெயர் எந்த மூலையில் இருக்கும்? பெர்கின்ஸ் வாழ்க்கையில் முக்கால்வாசி பக்கவாத்தியம்தான். 1969இல், பிரபல ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவிலிருந்து பியானோக்காரர் ஓட்டிஸ் ஸ்பான் விலகியபோது அந்த நாற்காலிக்கு வந்தார். ஸ்பான் அப்பேர்ப்பட்ட வாசிப்புக்காரர், அவர் இடத்தில் இன்னொருவர் உட்காருவது லேசில்லை. ஆனாலும் பத்து வருஷத்துக்கு மேல் நிலைத்தார். 1980இல் குழுவில் சிலரோடு வெளியே வந்து 'லெஜண்டரி ப்ளூஸ் பேண்ட்' ஆரம்பித்தார்கள்.

அமெரிக்காவில் அவர் பெயரையே முன்னால் போட்டு ஓர் ஆல்பம் வந்தது 1988இல். அப்போது வயது 75! நம்மில் பலர் முட்டிவலித் தைலம் தேடும் வயதில் மனிதர் முன்வரிசைக்கு வந்து பாட ஆரம்பிக்கிறார். அப்புறம் விருதுகள். சிறந்த ப்ளூஸ் பியானோ விருதை வருஷா வருஷம் அவரே தட்டிக்கொண்டு போனதால், கடைசியில் விருதுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள் (வேறு யாருக்காவது கொடுக்க அது ஒன்றுதான் வழி என்று நினைத்திருப்பார்கள் போல). 2004இல், 91 வயதில், இந்தியானா மாநிலத்தின் லா போர்ட்டில் காரை ஓட்டிக்கொண்டு போனவர்மேல் ரயில் மோதியது. கார் நொறுங்கியது, அவருக்குப் பெரிய காயமில்லை. 2011 பிப்ரவரியில், மடி வாட்டர்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்த வில்லி 'பிக் ஐஸ்' ஸ்மித்தோடு சேர்ந்து செய்த ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தது. 97 வயது, அதுவரை கிராமி வென்றவர்களிலேயே மூத்தவர். அடுத்த மாதம் 21ஆம் தேதி டெக்சாஸின் ஆஸ்டினில் காலமானார். அந்த வருஷத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் ஒப்புக்கொண்டிருந்தாராம்.

கேள்வி: எனக்கு 54 வயது. கீபோர்டில் ப்ளூஸ் பழக ஆசை, வீட்டில் சிரிக்கிறார்கள். (வாசகர், திண்டுக்கல்)

பதில்: சிரிக்கட்டும். இடது கையை மட்டும் ஒரு மாதம் பழக்குங்கள். 12 பார்தான் ஒரு சுற்று (ஒரு பார் என்றால் நாலு தட்டு): முதல் நாலு பார் 'சி' கார்டு, அடுத்த இரண்டு 'எஃப்', மறுபடி இரண்டு 'சி', பிறகு 'ஜி' ஒன்று, 'எஃப்' ஒன்று, கடைசி இரண்டும் 'சி'. திரும்ப முதலிலிருந்து. வலது கை என்ன குறும்பு செய்தாலும் இடது கை ரயில் மாதிரி ஒரே வேகத்தில் ஓட வேண்டும், பூகி வூகியின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. அதுவரை ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்காக இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்காக.